கண்டுபிடிப்பு கற்பிக்கத்தக்கதா? அல்ட்சுல்லர் நெறி பற்றிய ஓர் ஆய்வு

கருவிலே திருவுடையார்க்கன்றிப் பிறர்க்குப் புதியன படைக்கும் ஆற்றல் வாயாது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். பாவலனைப் பற்றி எழுந்த இவ்வெண்ணம் காலப்போக்கிற் கருவி படைப்போனுக்கும் உரியதாயிற்று. குளிக்கும் தொட்டியிலே உண்மை கண்ட ஆக்கிமிடீசும், ஆப்பிள் வீழக் கண்ட நியூற்றனும் பாடநூல்தோறும் இடம்பெறுகின்றனர். அவர்தம் பல்லாண்டு உழைப்பு மறைந்துபோக, ஒரு கணத்தின் ஒளியே மாணாக்கர் உள்ளத்தில் நிலைபெறுகின்றது. அக்கணம் தமக்கும் வாய்க்குமெனக் காத்திருப்போர் சிலர். தமக்கு ஒருபோதும் வாய்க்காதெனத் துணிந்து மாதிரி விடைகளை மனனஞ் செய்வோர் பலர்.

தமிழ் மரபு இவ்வெண்ணத்தை முழுமையாக ஏற்றதில்லை. தொல்காப்பிய மரபியல் நூல் செய்வோனுக்குரிய உத்திகள் 32 எனத் தொகுத்துரைத்தது. பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே 10 குற்றமும் 10 அழகும் 32 உத்தியும் எண்ணிக் காட்டினார். அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகை இயற்றிச் செய்யுளிலக்கணத்தை மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க அளவிலே சுருக்கித் தந்தார். காரிகை கற்றோரெல்லாம் கம்பராயினர் என்று எவருங் கூறார். கம்பர் யாப்பறியாது பாடினார் என்றும் எவருங் கூறார். படைப்பாற்றலிலே கற்பிக்கத்தக்க கூறு ஒன்றும், கற்பித்தலுக்கு அப்பாற்பட்ட கூறு ஒன்றும் உண்டென்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அவ்விரு கூறும் எங்கே பிரிகின்றன என்பதே வினா.

எந்திரவியல் துறையிலே இவ்வினாவை எழுப்பி, அதற்கு விரிவான விடையும் வகுக்க முயன்றவர் ஹென்றிக் அல்ட்சுல்லர் என்னும் சோவியத்து நாட்டறிஞர். 1926 ஆம் ஆண்டு தாஷ்கண்டு நகரிற் பிறந்த இவர், காஸ்பியன் கடலோரத்துப் பாக்கு நகரிலே கடற்படையின் ஆக்கவுரிமை அலுவலகத்திற் பணிபுரிந்தார். கண்டுபிடிப்பாளர் கொணரும் விண்ணப்பங்களை ஆராய்வது அவர் தொழில். பலருக்கு உதவ முயன்ற அவர், கண்டுபிடிக்கும் வழியைக் கூறும் நூல் ஏதும் உண்டோவெனத் தேடினார். உளநூலார் எழுதியவற்றிலே கண்டுபிடிப்பாளர் மனநிலை பற்றிய செய்திகள் இருந்தனவேயன்றிக் கண்டுபிடிப்பின் இயல்பு பற்றிய செய்தி இல்லை. எனவே, மனிதனை விடுத்து அவன் செய்த பொருளை ஆராயத் தொடங்கினார். ஆக்கவுரிமைப் பத்திரங்களை ஆயிரக்கணக்கிற் படித்து, அவற்றிலே மீண்டும் மீண்டும் வரும் வழிகளைத் தொகுத்தார். 1946 ஆம் ஆண்டு தொடங்கிய இம்முயற்சியே பின்னர்த் 'திரிஸ்' எனப் பெயர்பெற்றது. கண்டுபிடிப்புச் சிக்கல்களைத் தீர்க்கும் கோட்பாடு என்பது அதன் பொருள். இலக்கியம் முன்னே, இலக்கணம் பின்னே என்ற தமிழ் முறையையே, தாம் அறியாமலே அவரும் மேற்கொண்டார் எனலாம்.

அந்நெறிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1948 ஆம் ஆண்டிலே இரபயேல் ஷப்பீரோ என்னும் நண்பருடன் சேர்ந்து, நாட்டிலே கண்டுபிடிப்புத் துறை சீரழிந்திருத்தலைக் குறைகூறி ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். 1950 இற் சிறைப்பட்டார். 25 ஆண்டுத் தண்டனை பெற்று, வடமுனை வட்டத்தை அடுத்த வர்க்குத்தாச் சுரங்கச் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஸ்டாலின் இறந்தபின், 1954 இல் விடுதலையானார். 1956 இல் இருவரும் எழுதிய முதற் கட்டுரை ருஷ்ய உளநூல் இதழொன்றில் வெளிவந்தது. 1971 இற் பாக்கு நகரிலே கண்டுபிடிப்பாற்றலைக் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று எழுந்தது. 1979 இல் அவரது தலையாய நூல் மாஸ்கோவில் வெளியாயிற்று. படைப்பாற்றல் ஒரு திட்பமான விஞ்ஞானம் என்பது அதன் பெயர். 1998 இல் அவர் மறைந்தார்.

அவர் கோட்பாட்டின் உயிர்நிலை முரண் என்னும் கருத்தாகும். எந்திரி ஒருவன் ஒன்றைத் திருத்த முற்படும்போது மற்றொன்று கெடுகின்றது. தோணியின் பலகையைத் தடிப்பாக்கினால் உறுதி பெருகும், பாரமும் பெருகும். பாரத்தைக் குறைத்தால் உறுதி குறையும். பழக்கப்பட்ட எந்திரி இவ்விரண்டிற்கும் நடுவே ஓர் அளவைத் தேர்ந்து, இரண்டிலுஞ் சிறிது இழந்து, அமைதியடைவான். அல்ட்சுல்லர் இவ்வமைதியையே குறையெனக் கண்டார். முரணை மழுப்புவது கண்டுபிடிப்பாகாது. முரணை நீக்குவதே கண்டுபிடிப்பாம் என்பது அவர் துணிபு. ஆகவே மாணாக்கன் முதலிற் செய்யவேண்டுவது விடை தேடுதலன்று. முரணை இன்னதென்று ஒரு வாக்கியத்தில் எழுதுதல்.

அதன்பின், வெவ்வேறு துறைகளில் ஒரே வழி மறைந்து கிடப்பதை அவர் எடுத்துக்காட்டினார். குடைமிளகாயைத் தகரத்தில் அடைக்குமுன் அதன் காம்பையும் விதையையும் நீக்கவேண்டும். காய்கள் பல அளவின. இயந்திரத்தாற் குடைவது அரிது. அடைத்த கலத்தினுள்ளே காற்றின் அமுக்கத்தை மெல்ல ஏற்றிச் சடுதியாகக் குறைத்தால், காயினுட் புகுந்த காற்று வெடித்து வெளியேற, விதைத்தொகுதி தானே பிரிந்துவிடும். பல்லாண்டுகள் கழித்து, வெடிப்புள்ள செயற்கை வைரங்களை வெடிப்பு வழியே பிளக்கும் சிக்கலை வேறொரு துறையினர் எதிர்கொண்டனர். கண்ட தீர்வு அதுவே: அமுக்கத்தை மெல்ல ஏற்றுதல், சடுதியாகக் குறைத்தல். மிளகாய் நறுக்குவோன் அறிந்ததை வைரம் பிளப்போன் அறிந்திருந்தால் வீணான ஆண்டுகள் எத்தனை மிச்சமாகியிருக்கும் என்பது அல்ட்சுல்லர் வினா. துறைகளுக்கிடையேயுள்ள வேலிகளை நீக்கி, வழிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றை 40 என எண்ணினார். பிரித்தல், தலைகீழாக்கல், முன்னரே செய்துவைத்தல், தீமையை நன்மையாக்கல், இடைப்பொருள் வைத்தல், தன் பணியைத் தானே செய்யவைத்தல் என்பன அவற்றுட் சில. திருத்த விரும்பும் பண்பு ஒருபுறமும், கெடும் பண்பு மறுபுறமுமாக 39 பண்புகளை நிரைப்படுத்தி அட்டவணையொன்றும் அமைத்தார். இரு பண்பும் சந்திக்குங் கட்டத்திலே, முன்னோர் பெரிதும் கையாண்ட வழிகளின் எண்கள் குறிக்கப்பட்டிருக்கும்.

ஒரே பொருளிடத்து ஒன்றற்கொன்று மாறான இரு பண்பு வேண்டப்படுமிடத்து, அவர் கூறிய வழி இன்னும் எளிது. இரு பண்பையும் காலத்தாற் பிரிக்க. அல்லது இடத்தாற் பிரிக்க. அல்லது முழுமைக்கொன்றும் உறுப்புக்கொன்றுமாகப் பிரிக்க. இதற்குச் சான்று தேடி ருஷ்யாவுக்குச் செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை நோக்கிச் செல்வோர் மகாவலியைக் கடக்கும் மன்னம்பிட்டியிலே, பழைய இரும்புப் பாலமொன்று புகைவண்டிக்கும் வீதி வாகனங்களுக்கும் பொதுவாயிருந்தது. வண்டி வரும்போது வாகனங்கள் காத்துநின்றன. பாலம் ஒன்று, பயன் இரண்டு. அவை காலத்தாற் பிரிக்கப்பட்டன. 2007 ஆம் ஆண்டு அதன் அருகே வீதிக்கெனத் தனிப்பாலம் திறக்கப்பட்டபோது அதே முரண் இடத்தாற் பிரிக்கப்பட்டது. கல்லடியிலும் ஒடுங்கிய பழைய பாலத்தில் ஒரு திசையினர் கடக்க மறு திசையினர் காத்திருந்தனர். 2013 இற் புதிய பாலம் அதன் பக்கத்தே எழுந்தது. முதற்றீர்வு பொருட் செலவு குறைந்தது, காலச் செலவு மிகுந்தது. இரண்டாவது இதற்கு மறுதலை. இரண்டும் தீர்வுகளே. எது எப்போது தக்கது என்பதை அட்டவணை கூறாது.

மட்டக்களப்பு வாவி இதனினும் நுட்பமான சான்றொன்றைத் தருகின்றது. வாவியின் நீர் கடலிற் சேரும் முகத்துவாரத்தை வறண்ட காலத்திலே கடலலை மணற்றிட்டால் மூடிவிடுகின்றது. மாரிகாலத்திற் படுவான்கரை ஆறுகளும் குளங்களின் வான் நீரும் வாவியை நிரப்ப, நீர்மட்டம் உயர்ந்து பெரும்போக வேளாண்மையை மூழ்கடிக்கின்றது. முகத்துவாரம் திறந்திருக்கவேண்டும், திறந்திராவிடில் வயல் அழியும். முகத்துவாரம் மூடியிருக்கவேண்டும், எஞ்ஞான்றும் திறந்திருப்பின் உவர்நீர் உட்புகும், வாவி நீர் வற்றும். ஒரே வாய் திறந்தும் மூடியும் இருக்கவேண்டுமென்பது அல்ட்சுல்லர் நூலிலே எழுதத்தக்க முழுமையான முரணாகும்.

இதற்கு வாவிக்கரை மக்கள் கண்ட தீர்வு முகத்துவாரம் வெட்டுதல். மணற்றிட்டின் ஒடுங்கிய இடத்திலே சிறு வாய்க்காலொன்றை வெட்டிவிடுவர். மட்டம் உயர்ந்த வாவி நீர் அதனூடே பாய்ந்து, தன் விசையாலே மணலை அரித்து, வாயைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். மனிதன் வெட்டுவது சிறிது. நீர் வெட்டுவதே பெரிது. எந்த நீர் தீங்கு செய்கின்றதோ அந்நீரே தீங்கை நீக்கும் ஏவலாளாகின்றது. வெள்ளம் வடிந்து கோடை வந்ததும் கடலே மீண்டும் மணலைக் குவித்து வாயை மூடிவிடும். கதவுமில்லை, கதவை இயக்கும் பொறியுமில்லை. ஆயினும் கதவின் தொழில் நடைபெறுகின்றது. இத்தகைய நிலையையே அல்ட்சுல்லர் இலட்சிய முடிவு என்றார். கருவி இல்லாமலே கருவியின் பயன் கிடைப்பது எதுவோ அதுவே நிறைவான தீர்வு என்பது அவர் கருத்து. காலத்தாற் பிரித்தல், தீமையை நன்மையாக்கல், தன் பணியைத் தானே செய்யவைத்தல் என்னும் மூன்றும் ஒரு மண்வெட்டியின் வெட்டிலே அடங்கியுள்ளன.

குளங்களிலும் இத்தகைய அறிவுண்டு. ஆழமான குளத்திலே நீரைத் தேக்கவேண்டும். தேக்கிய நீரின் அமுக்கமோ துரிசின் வழியே சீறிப் பாய்ந்து குளக்கட்டை அரிக்கும். பண்டை இலங்கையின் நீர்ப்பாசன வல்லுநர் கட்டினுள்ளே, நீர் வெளிச்செல்லும் அடிவாய்க்காலின் இடையிலே, கல்லால் உள்வரியமைத்த சதுரக் கிணறொன்றை வைத்தனர். சிங்களத்திலே அதனைப் பிசோக்கொட்டுவ என்பர். நீரோட்டம் அக்கிணற்றிலே கட்டுப்படுத்தப்பட்டது. நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கில எந்திரி 1909 இல் வெளியிட்ட நூலிலே, தற்கால நீர்த்தேக்கங்களின் வால்வுக் கிணற்றுக்கு இதுவே முன்னோடி என்று கூறிப் போற்றினார். இடைப்பொருள் வைத்தல் என்னும் வழிக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இச்சான்றுகள் அல்ட்சுல்லர் நெறிக்கு ஆதரவாகவும் நிற்கின்றன; அதன் குறையையும் சுட்டுகின்றன. ஆதரவு யாதெனின், கண்டுபிடிப்பு எங்கும் ஒரே சில வழிகளிலே நிகழ்கின்றதென்ற அவர் கூற்று, அவர் கண்டிராத வாவிக்கரையிலும் உண்மையாதல். குறை யாதெனின், அவர் வழிகளைத் தொகுத்த களம் ஆக்கவுரிமைப் பத்திரங்கள் மட்டுமே என்பது. பத்திரம் பெறாத அறிவு அவர் எண்ணிக்கையுட் புகவில்லை. முகத்துவாரம் வெட்டியோர் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பஞ் செய்திலர். கிணறு வைத்தோர் பெயரும் தெரியவில்லை. பத்திரங்களின் இலக்கணம் பத்திரம் எழுதுவோரின் இலக்கணமேயன்றி மனித அறிவனைத்தின் இலக்கணமாகாது. அவர் ஆராய்ந்த பத்திரங்களும் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய பொறிகளைப் பற்றியவை. அட்டவணையின் பழமையை அவரே பின்னர் உணர்ந்து, அதனைக் கைவிட்டு, சிக்கலைப் படிப்படியாகப் பகுத்தாயும் வேறு முறைகளை வளர்க்கலானார்.

இரண்டாவது குறை நூலின் பெயரிலேயே உள்ளது. திட்பமான விஞ்ஞானம் என்பது ஒரே தரவைக் கொண்டு ஒரே முடிவைப் பெறுவது. வட்டத்தின் ஆரையைக் கொடுத்தால் அதன் பரப்பை யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் ஒன்றாகவே கூறுவர். ஆயின் ஒரே சிக்கலை இந்நெறி பயின்ற இருவரிடங் கொடுத்தால் அவர்கள் முரணை இருவிதமாக எழுதுவர். இருவிதமான வழிகளைத் தேர்வர். தேர்ந்த வழியைப் பொருளாக்கும்போது நாலுவிதமாக விரிவர். 'பிரித்துவிடு' என்று அட்டவணை கூறும். எதை, எங்கே, எவ்வாறு பிரிப்பது என்று கூறாது. அவ்விடத்திலேதான் பொருளறிவும் பட்டறிவும் துணிவும் வேண்டப்படுகின்றன. ஆகவே இது விஞ்ஞானமன்று. இலக்கணத்தைப் போன்றதொரு நெறி. நெறி என்று கூறுவது அதனைத் தாழ்த்துவதன்று. தான் அல்லாத ஒன்றன் பெயரைத் தாங்கும்போதே எந்த நெறியும் தாழ்வடைகின்றது.

இக்குறை கற்பிக்குமிடத்திலே பெருந்தீங்காக வளரக்கூடும். சோவியத்து நாடு கலைந்தபின் இந்நெறி உலகெங்கும் பரவிற்று. தென்கொரியாவிலே சாம்சுங் நிறுவனம் ருஷ்ய வல்லுநரை அழைத்துத் தன் எந்திரியர்க்குப் பயிற்சியளித்தது. மலேசியாவிலே 2010 ஆம் ஆண்டையடுத்து, இன்டெல் நிறுவனத்தார் ஊக்குவித்த பயிற்சி பல்கலைக்கழகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சென்றது. பரவும்போது நெறி சுருங்குதல் இயல்பு. ஆண்டுக்கணக்கிற் பயிலவேண்டியதை நாட்கணக்கிற் பயிற்றிச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் தோன்றிற்று. நாட்கணக்கிற் கற்பிக்கக்கூடியது அட்டவணையை வாசிக்கும் முறை ஒன்றே. முரணைக் காணும் கண்ணோ பல சிக்கல்களோடு பொருதியே திறக்கும். இக்கண்ணைத் திறவாது அட்டவணையை மட்டும் கையிற் கொடுப்பது, காரிகையின் வாய்பாட்டை மனனஞ் செய்வித்துக் கவிராயர் பட்டம் சூட்டுவதை ஒக்கும்.

இலங்கைக் கல்விச் சூழலில் இவ்வச்சம் மேலும் வலுப்பெறுகின்றது. 1950 இற் கொழும்பிலே தொடங்கி 1964 இற் பேராதனைக்குப் பெயர்ந்த எந்திரவியற் பீடமும், கட்டுபெத்தையிலே வளர்ந்த மொறட்டுவைப் பல்கலைக்கழகமும், பின்னாளில் ஒலுவிலிலும் கிளிநொச்சியிலும் எழுந்த பீடங்களும் திறமையாளர் பலரை உருவாக்கியுள்ளன. ஆயின் அவற்றின் வாயிலை அடையும் மாணாக்கன் எவ்வாறு பயின்று வருகின்றான்? இணைந்த கணிதத்திலும் பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து, புள்ளியிடும் திட்டத்தை உள்ளத்திற் பதித்து வருகின்றான். அவன் சந்தித்த வினா ஒவ்வொன்றுக்கும் விடை எங்கோ அச்சிடப்பட்டிருந்தது. வினாவிலே வேண்டிய தரவு அனைத்தும் தரப்பட்டிருந்தது; வேண்டாத தரவு ஒன்றுமில்லை. வாழ்க்கையிலே வரும் சிக்கலோ வினா வடிவிலே வருவதில்லை. வயல் மூழ்கியது என்னும் அழுகையாகவும், பாலம் ஆடுகின்றது என்னும் முறையீடாகவும் வருகின்றது. அதனை வினாவாக்குவதே எந்திரியின் முதற் கடமை. அக்கடமையைப் பதின்மூன்றாண்டுப் பள்ளிப் படிப்பில் ஒருநாளும் செய்தறியாதவனுக்கு அல்ட்சுல்லரின் 40 வழிகளும் மற்றுமொரு மாதிரி விடைத் தொகுதியாகவே தோன்றும்.

தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இதே கேட்டினை வேறொரு கோணத்திற் கண்டார். 1893 இற் பிறந்து 1974 இல் மறைந்த அவர், பள்ளியிற் பயின்றது சிறிதே. ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கி, மின்சார மோட்டார், முகச்சவரப் பொறி முதலான பலவற்றை ஆக்கியவர். 1945 இல் அவர் முயற்சியால் எழுந்த ஆர்தர் ஹோப் எந்திரவியற் கல்லூரியே பிற்காலத்தில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. நான்காண்டுப் படிப்பு வீண், கைத்தொழிலோடு இணைத்தால் இரண்டாண்டு போதுமென்பது அவர் கொள்கை. அரசினர் இணங்காமையால் அவர் பதவி துறந்தார். நாயுடு கையை நம்பினார். அல்ட்சுல்லர் ஒழுங்குபட்ட எண்ணத்தை நம்பினார். இருவரும் மனனக் கல்வியை வெறுத்தவர்களே. ஆயின் ஒருவர் கொள்கை மற்றவர் கொள்கையின்றி நிறைவடையாது. கைப்பழக்கம் மட்டும் உடையவன் தன் பட்டறையின் வேலிக்குள்ளேயே சுழல்வான். மிளகாய் நறுக்குவோனிடமிருந்து வைரம் பிளப்போன் கற்கமாட்டான். எண்ணப் பயிற்சி மட்டும் உடையவன் 'பிரித்துவிடு' என்ற விடையோடு நின்றுவிடுவான். மணலின் எவ்விடத்தே மண்வெட்டியை வைப்பதென்று அறியான்.

மூன்றாவது குறை ஒன்றுண்டு. அது முன்னிரண்டினும் பெரிது. அல்ட்சுல்லர் ஆராய்ந்த முரண்கள் பண்புக்கும் பண்புக்கும் இடைப்பட்டவை. பாரமும் உறுதியும் ஒன்றோடொன்று வழக்காடுவதில்லை. அவற்றுக்கு மனைவி மக்களில்லை. ஆயின் முகத்துவாரத்தை எந்நாளில் வெட்டுவது என்ற வினா எழும்போது முரண் மனிதரிடையே நிகழ்கின்றது. கதிர்விட்ட பயிர் நீருக்குள் நிற்கக்கண்ட உழவன் இன்றே வெட்டுக என்கின்றான். வெட்டினால் மீனும் இறாலும் நீரோடு கடலுக்குப் போய்விடுமென அஞ்சும் மீனவன் பொறுக்க என்கின்றான். தாழ்ந்த கரையிற் குடியிருப்போனுக்கு ஒரு கணக்கு. மேட்டு நிலத்தானுக்கு மற்றொரு கணக்கு. 1957 ஆம் ஆண்டு மார்கழியிலும் 2011 ஆம் ஆண்டு தையிலும் வந்தவை போன்ற பெருவெள்ளங்களிலே இக்கணக்குகள் உயிர்க்கணக்காகவே மாறின. காலத்தாற் பிரிக்க என்று நெறி கூறும். எக்காலம் என்பதைக் கூறவேண்டியவர் ஒன்றுகூடிப் பேசும் மக்களே. அங்கே எந்திரி வேண்டியவன். அவன் மட்டும் போதியவன் அல்லன்.

தம் நெறியின் இவ்வெல்லையை அல்ட்சுல்லர் உணர்ந்திருக்க இடமுண்டு. நாட்டின் குறையை நேர்மையாக எடுத்துரைத்தமைக்காகச் சுரங்கச் சிறை புகுந்தவர் அவர். அவர் வாழ்க்கையின் முதற்பெரும் முரண் பொறியிலன்று, ஆட்சியிலே இருந்தது; அதனைத் தீர்க்கும் வழி 40 இல் எதிலுமில்லை. எந்திரியர்க்கு முரணைக் காணக் கற்பித்த ஆசான், மனிதர் முரணை எந்திரியர் எவ்வாறு எதிர்கொள்ளவேண்டும் என்பதைக் கற்பியாதே சென்றார்.

குறைகளைக் கூறியபின், நெறியின் கொள்ளத்தக்க பகுதியைக் கூறாதொழிதல் நடுநிலையாகாது. கொள்ளத்தக்கது அட்டவணையன்று, முரணை எழுதும் பழக்கம். அல்ட்சுல்லர் தாமே இதனைப் பல்கலைக்கழகத்தோடு நிறுத்தவில்லை. சோவியத்துச் சிறுவர் பத்திரிகையொன்றிலே 1970களிலிருந்து பல்லாண்டு கண்டுபிடிப்புப் புதிர்களை வெளியிட்டு, சிறுவர் எழுதியனுப்பிய விடைகளை ஆராய்ந்தார். விடை சரியா பிழையா என்பதிலும், சிறுவன் எவ்வழியே சென்றான் என்பதே அவருக்கு முக்கியமாயிருந்தது. எந்திரியை உருவாக்கும் வேலை எந்திரவியற் பீடத்திலே தொடங்குவதன்று, பள்ளியிலே தொடங்குவது என்பதே அதன் பொருள்.

மட்டக்களப்பு நாட்டுக்கு இவ்வுண்மை புதியதன்று. காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்றவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். மறைந்துபோன யாழை மீட்டறியப் புகுந்தபோது, பழந்தமிழ் நூற்குறிப்புக்களை ஒருபுறமும் கணிதத்தை மறுபுறமும் வைத்து, தெரிந்தது யாது, தெரியாதது யாது என வரையறுத்துக்கொண்டு ஆராய்ந்தார். 1947 இல் அரங்கேறிய யாழ்நூல் அவ்வுழைப்பின் பயன். அவர் கையில் 40 வழிகள் இல்லை. வினாவைச் செவ்வனே அமைக்கும் பயிற்சி இருந்தது.

பள்ளிகளிலே இதற்கெனப் புதிய பாடமோ புதிய பரீட்சையோ வேண்டியதில்லை. பரீட்சையாக்கினால் அதுவும் மனனமாகிவிடும். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். ஆசிரியர் மாணாக்கரை வாவிக்கரைக்கோ, குளக்கட்டுக்கோ, தச்சுப் பட்டறைக்கோ அழைத்துச் செல்க. அங்கே தொழில் செய்வோர் முறையீட்டைக் கேட்கச் செய்க. கேட்டதை, 'இது வேண்டும். ஆயின் இதனால் அது கெடுகின்றது' என்ற வடிவிலே ஒரே வாக்கியமாக எழுதச் செய்க. ஒருவன் எழுதியதும் மற்றவன் எழுதியதும் வேறுபடின், எது சிக்கலின் வேரைத் தொடுகின்றதென்று வழக்காடச் செய்க. கெடுவது எவர்க்குக் கெடுகின்றது என்ற வினாவை இறுதியிற் சேர்க்க. அல்ட்சுல்லர் சேர்க்காது விட்ட வினா அதுவே. தீர்வு அன்றைக்கே வாராமற் போயினும் குறையில்லை.

கண்டுபிடிப்பு கற்பிக்கத்தக்கதா என்ற வினாவுக்கு, ஆம் என்றும் அன்று என்றும் ஒரு சொல்லால் விடையிறுத்தல் இயலாது. சிக்கலை வினாவாக்கும் திறன் கற்பிக்கத்தக்கது. பிறர் சென்ற வழிகளை அறிதலும் கற்பிக்கத்தக்கது. மண்வெட்டியை எவ்விடத்தே, எந்நாளில், எவரைக் கலந்து வைப்பது என்னும் அறிவு கற்பித்தலால் மட்டும் வருவதன்று. ஊரோடும் தொழிலோடும் பழகி வருவது. முன்னதைத் தாராத கல்லூரி தன் கடமையிற் குறைவுபடுகின்றது. பின்னதையும் நாட்கணக்கிலே தந்துவிட்டதாகக் கூறும் பயிற்சி மாணாக்கனை ஏமாற்றுகின்றது.